கையிருப்பு

வெர்னா ஸ்டக்கி இதுவரை விற்றவை
நானூற்றுப் பன்னிரண்டு பித்தளை மணிகள்.
ஒன்றையும் தொட்டதில்லை.
டோலிடோ நகரில், வீட்டின் அடித்தளத்தில்
சலவை இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் இடையே
ஒரு மடக்கு மேசை. அதுதான் கடை.
கிடங்கு நெவாடாவில்.
வார்ப்பவர்கள் எங்கேயோ. அவள் கேட்டதில்லை.

படம் கிடங்குக்காரர்கள் தந்தது.
வர்ணனை மட்டும் அவளுடையது:
'கப்பல் மணி. கனத்த பித்தளை.
கணீரென்ற ஒலி, ஏரிக்கு அப்பாலும் கேட்கும்.'
அந்தக் கணீரை எழுதிய இரவில்
மாடியில் ராய்ஸ் இருமிக்கொண்டிருந்தான்.
வேறு சத்தமில்லை.

ஏலம் ஒரு டாலரில் தொடங்கும்.
ஆறு நாள் தூங்கும்.
ஏழாம் நாள் கடைசி நிமிடத்தில்
எல்லோருக்கும் கை அரிக்கும்.
பதினெட்டு. பத்தொன்பது ஐம்பது.
இருபத்துநான்கைத் தாண்டினால் லாபம்.
தாண்டாவிட்டால் யார் வீட்டுக் கதவு மணிக்கோ
இவள் தண்டம் கட்டுவாள்.
பணம் வந்ததும் பெரும்பங்கை நெவாடாவுக்குத் தள்ளி
முகவரியைச் சொன்னால் போதும்,
பெட்டி அங்கிருந்தே கிளம்பிவிடும்.
ஆற்றில் போகிற தண்ணீரை
அம்மா குடி, ஐயா குடி என்கிற வேலைதான்.
நடுநிசியில் அதைச் சொல்லிச் சொல்லி
தொண்டை வறள்வது வேறு கதை.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
மேய்ன் மாநிலத்து ஆல்டன் பிக்ஃபர்ட்
நாற்பத்தொரு டாலருக்கு எடுத்தார்.
வெர்னா நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள்.
காலையில் கிடங்கிலிருந்து ஒற்றை வரி:
சரக்கு தீர்ந்தது, வருந்துகிறோம்.

வருத்தத்தைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது.

தேடினாள். அதே மணி, அதே படம்,
ஓரத்தில் யாருடையதோ அதே விரலின் நிழல்.
ஜார்ஜியாவில் ஒருவன் விற்கிறான்.
முப்பத்தெட்டுக்கு வாங்கினாள்.
மூன்றாம் நாள் எழுதினான்:
'என் கிடங்கில் தீர்ந்துவிட்டதாம். நெவாடா.
கவலை வேண்டாம். டோலிடோவில் ஒரு மணி
இன்றிரவு ஏலத்துக்கு வருகிறது.
எடுத்து உங்களுக்கே அனுப்புகிறேன்.'

அது அவளுடைய இன்னொரு ஏலம்.
நிறுத்த மறந்தது.

சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை.
ஆல்டனின் கடிதம் வந்தபோது நிறுத்தினாள்.
'அவசரமில்லை. ஏப்ரலில்தான் படகை இறக்குவேன்.
எங்கள் விரிகுடாவில் மூடுபனி அதிகம்.
ஏரிக்கு அப்பாலும் கேட்கும் என்றீர்களே,
அதற்காகத்தான் அவ்வளவு தூரம் ஏறினேன்.'

துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அடகுக்கடை.
அலமாரியில் அவளுடைய மணி.
புகைப்படத்தில் மட்டுமே பார்த்த உறவினரை
ரயிலடியில் கண்டதுபோல நின்றாள்.
தூக்கினாள். ஒரு கையே அதிகம்.
நாக்கை இழுத்தாள்:
டொய்ங்.
கரண்டி விழுந்த மாதிரி.
'கதவுக்குப் போதும்' என்றான் கடைக்காரன்
சீட்டுக்கட்டிலிருந்து தலை தூக்காமல்.

கீழ்த்தட்டில் இன்னொன்று இருந்தது.
உடைத்த தானியக் கப்பலிலிருந்து வந்ததாம்.
விளிம்பில் வெட்டு, உள்ளே பச்சைக் களிம்பு.
அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை.

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டாள்.
பாலத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது அடித்தது.
ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.
தினம் பத்து முறை தட்டச்சிட்ட சொல்,
கையிருப்பு: ஒன்று.
அன்றுதான் அந்தச் சொல்லுக்குள்
கை இருந்தது. மரத்துப்போயிருந்தது.

அஞ்சல் செலவு பதினேழு.
ஆல்டன் தந்தது நாற்பத்தொன்று,
இவள் கைவிட்டுப் போட்டதும் நாற்பத்தொன்று.
மார்ச் கடைசியில் அவர் எழுதிய மதிப்புரை:
சொன்னபடியே இருக்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவர்களில் எத்தனை பேருக்குப் படகு இருந்தது
என்று கணக்கேட்டில் தேடினாள்.
அதில் முகவரிதான் இருக்கிறது.

சரக்கு வந்துவிட்டது என்றது நெவாடா.
ஏரியை வர்ணனையிலிருந்து எடுத்தாள்.
கணீரை எடுத்தாள்.
கனத்த என்பதையும்.
'பித்தளை மணி. கதவுக்கு ஏற்றது.'

அடுத்தது பதினான்கு டாலருக்குப் போயிற்று.
பத்து டாலர் தண்டம் கட்டிவிட்டு
வெர்னா விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்,
அழித்த சொற்கள் இருந்த இடத்தில்
துடிக்கும் சிறு கோட்டைப் பார்த்தபடி.